நான்காம் அடுக்கு உலைவு: தொடரா, மாறல் முறையா, அணியா?

குவாண்டம் சீரிசை அலையியற்றியின் (சுருள்வில்லில் கட்டியதுபோல் அலையும் துகளின்) நிலையாற்றலோடு, இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கை லாம்டா என்ற எண்ணால் பெருக்கிக் கூட்டினால், அடிநிலை (மிகக் குறைந்த) ஆற்றலுக்கு எளிய வாய்பாடு கிடையாது. நிறை, அதிர்வெண், சுருக்கிய பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வைத்து மூன்று வழிகளில் போட்டுப் பார்க்கலாம்.

உலைவுத் தொடர் (ஆற்றலை லாம்டாவின் அடுக்குகளாக விரிப்பது): 1/2 + (3/4)லாம்டா − (21/8)லாம்டா² + (333/16)லாம்டா³ − … லாம்டா 0.01 எனில் மூன்றாம் படிவரை 0.507258 வருகிறது, உண்மை மதிப்பு 0.507256. வேறென்ன வேண்டும்?

லாம்டாவை 0.1 ஆக்கினால் கதை மாறுகிறது. படிப்படியாக 0.575, 0.5488, 0.5696, 0.5454, உண்மையோ 0.5591. நான்காம் படி மூன்றாவதைவிட மோசம். கணக்குப் பிழையல்ல, இந்தத் தொடர் எந்த லாம்டாவுக்கும் ஒருங்காது. லாம்டா துளி எதிர்க்குறியானாலும் துகள் நிலையாற்றல் சுவரைத் துளைத்து வெளியேறிவிடும், நிலையான அடிநிலையே இராது. ஒருங்கும் தொடரோ சுழியின் இருபுறமும் ஒருங்க வேண்டும். ஆகவே சுழியைச் சுற்றி ஒருங்கும் தொடர் இருக்க வழியில்லை. இயற்பியலாளர்கள் பெண்டரும் வூவும் 1969இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கைவைத்தியம்: மிகச் சிறிய உறுப்பில் நிறுத்தி, அதில் பாதியை மட்டும் கூட்டுங்கள். இங்கே 0.5592 கிடைக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.

மாறல் முறையில் ஓர் அலைச்சார்பை ஊகித்து, ஆற்றல் மிகக் குறையும்படி அதைச் சரிசெய்கிறோம். காஸியன் (மணி வடிவ) அலைச்சார்பின் அதிர்வெண் 'அ'வை அ³ − அ = 6 லாம்டா என்ற சமன்பாடு தருகிறது. லாம்டா 0.1க்கு ஆற்றல் 0.5603. லாம்டா 1க்கு அ சரியாக 2, ஆற்றல் 0.8125, உண்மை 0.8038. அதே இடத்தில் தொடரின் இரண்டாம் படி −1.375 என்று உளறுகிறது! இம்முறையின் விடை எப்போதும் உண்மைக்கு மேலேதான் நிற்கும். ஆனால் எவ்வளவு மேலே என்று சொல்லாது.

அணி முறையில் ஆற்றலை அலையியற்றியின் எண்ணிட்ட நிலைகளுக்கு (0 அடிநிலை) இடையிலான அணியாக எழுதி, அதன் மிகக் குறைந்த ஐகன் மதிப்பை எடுக்கிறோம். 0, 2 ஆகிய இரு நிலைகளே போதும்: லாம்டா 0.1க்கு 0.5596. லாம்டா 1க்கு அதே 2×2 அணி 0.855 என்று சறுக்குகிறது. அப்போது அடிப்படை நிலைகளையே அதிர்வெண் 2க்கு மாற்றுங்கள். 0, 2 நிலைகளை இணைக்கும் அணி உறுப்பு சுழியாகிவிடும், எனவே நிலை 4ஐயும் சேர்த்தால்தான் பலன்: 3×3 அணி 0.8046 தரும். நிரலில் ஒரு பொறி: இடப்பெயர்ச்சி அணியை முதலில் வெட்டிவிட்டு நான்கு முறை பெருக்கினால் கீழ்மூலை உறுப்புகள் தவறாகும், விடை உண்மைக்குக் கீழேகூட இறங்கலாம். நான்கு வரிசை பெரிதாக எடுத்துப் பெருக்கி, பிறகு வெட்டுங்கள்.