தார் பாலைவனத்தில் தங்க ஒரு கிராமத்து வீடு

ராஜஸ்தானின் ஜெய்சால்மர் போக நம் டெல்டாக்காரர்களுக்கு விமானம் வேண்டியதில்லை. மன்னார்குடியிலிருந்தே வாரம் ஒருமுறை ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு ரயில் போகிறது. அங்கிருந்து இன்னொரு ரயில்.

கும்பகோணத்தில் விசாரித்த பயண முகவர், சாம் மணற்குன்றுகளில் கூடாரம், ஜீப் சவாரி, இரவில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டம் என்று அடுக்கினார். அமைதியான இடத்தில் அந்தச் சத்தம் எதற்கு? மறுத்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில் நானும் மனைவியும் தங்கினோம். மண் சுவர், புல் கூரை, கயிற்றுக் கட்டில். சாப்பாட்டோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய். பணம் நேரே அந்தக் குடும்பத்தின் கைக்கே போகிறது.

குளிக்க ஒரு வாளித் தண்ணீர்தான். அதற்காகவே இந்த வீட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். நம் பக்கம் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும்; அங்கே 200ஐ எட்டினாலே பெரிது.

வீட்டுக்காரர் விடியற்காலையில் கடீன் என்னும் மழைநீர் தேக்கும் வயலைப் பார்க்க அழைத்துப் போனார். பாறை மேட்டில் பெய்யும் மழை சரிவில் ஓடிவந்து நீளமான மண்கரையில் தேங்குகிறது. நீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் வகுத்த முறை. சம்பா அறுப்புக்கு முன் வயல் ஈரத்தில் உளுந்து தெளிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறக்குமா என்று ஏங்கும் கடைமடைக்காரன் நான். அந்தக் கரையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டேன்.

கம்பு ரொட்டியும், கேர் என்ற பாலைவனக் காயோடு சாங்ரி சேர்த்துச் சமைக்கும் கேர் சாங்ரியும் அருமை. சாங்ரி, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய். அந்த மரத்தை வெட்டவிடாமல் 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதை அறிந்தபின் தட்டில் ஒரு காயைக்கூட மிச்சம் வைக்க மனம் வரவில்லை.

ஒரு குறை: குடிக்க பிளாஸ்டிக் பாட்டில் தந்தார்கள். கேட்டதும் காய்ச்சிய பானைத் தண்ணீருக்கு மாற்றினார்கள். நீங்களும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

1156இல் கட்டத் தொடங்கிய ஜெய்சால்மர் கோட்டையைப் பகலில் பார்த்துவிட்டு வாருங்கள், உள்ளே விடுதி எடுக்காதீர்கள். குழாய்களிலிருந்து கசியும் நீர் அதன் அடித்தளத்தை அரிக்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கழிவறை முற்றத்தின் மறுபுறம் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது.