நியூட்டனிடம் போக இரண்டு வாசல்

நியூட்டனை அவருடைய எழுத்திலேயே படித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் எடுப்பது இயக்கத்தையும் ஈர்ப்பையும் பற்றிய 'பிரின்சிபியா'வைத்தான். நானும் அதைத்தான் எடுத்தேன். இரண்டாவது வாரமே மூடி வைத்தேன். ஒளியையும் நிறங்களையும் பற்றிய 'ஆப்டிக்ஸ்' பிறகுதான் கைக்கு வந்தது. முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான்.

பிரின்சிபியா 1687இல் லத்தீனில் வந்தது. ஆப்டிக்ஸ் 1704இல் ஆங்கிலத்தில். வேறுபாடு மொழியோடு நிற்கவில்லை. பிரின்சிபியாவின் மூன்றாம் பாகத்தைப் பலரும் படிக்கும்படிதான் முதலில் எழுதியதாகவும், வீண் சர்ச்சைக்கு இடம் கொடுக்காமல் இருக்கவே தேற்றங்களாக மாற்றியதாகவும் நியூட்டனே சொல்கிறார். தெரிந்தே போட்ட பூட்டு!

ஆப்டிக்ஸில் பூட்டு இல்லை. கறுப்பு நிறத்தில் நீளவாக்கில் ஒரு கெட்டி அட்டை, நடுவில் ஒரு கோடு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். அதை ஜன்னலோரம் வைத்து முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். அட்டை மேலே தூக்கித் தெரியும்படி கண்ணாடியைப் பிடித்தால், நீலப் பாதி சிவப்புப் பாதியைவிடக் கூடுதலாக உயர்கிறது. முதல் சோதனை அவ்வளவுதான். இருட்டறைச் சோதனை பின்னால் வருகிறது: ஜன்னல் கதவில் சிறு துளை, அதன் வழியே வரும் வெயிலில் முப்பட்டகம், 18½ அடி தள்ளி விழும் வண்ணப் பட்டை. அகலம் 2⅛ அங்குலம், நீளம் 10¼ அங்குலம். எல்லா நிறமும் ஒரே அளவில் விலகியிருந்தால் வட்டமாக விழுந்திருக்க வேண்டிய சூரிய பிம்பம் ஏன் இப்படி நீண்டது என்ற கேள்வியை வாசகரே கேட்டுவிடுவார். நிறங்களின் எல்லையைக் குறிக்க, தன்னைவிட நிறம் பிரித்தறியும் கண் கூர்மையான ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டதைக்கூட அவர் மறைக்கவில்லை. பிரின்சிபியாவில் இப்படி மனம்திறக்கும் நியூட்டனைப் பார்ப்பது அரிது.

அதற்காகப் பிரின்சிபியாவை ஒதுக்கிவிட முடியாது. நிலா பூமியின் ஆரத்தைப்போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுமானால், தரையருகே ஒரு பொருள் ஒரு வினாடியில் விழும் தூரத்தை நிலா ஒரு நிமிடத்தில் விழ வேண்டும், அதாவது நேர்கோட்டை விட்டு பூமிப் பக்கம் அவ்வளவு விலக வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 15 பாரிஸ் அடியும் (அன்றைய பிரெஞ்சு அளவு) சொச்சமும் வருகிறது. கீழே விழும் கல்லும் வானத்து நிலாவும் ஒரே கணக்கில் அடங்கும் அந்தப் பக்கத்துக்கு இணையாக ஆப்டிக்ஸில் எதுவும் இல்லை.

அந்தப் பக்கத்துக்குப் போக முழு நூலையும் உழ வேண்டியதில்லை. வரையறைகள், இயக்க விதிகள், முதல் பாகத்தின் முதல் மூன்று பிரிவுகள், பிறகு நேராக மூன்றாம் பாகம்: இந்தக் குறுக்குவழியையும் நியூட்டனே காட்டுகிறார். முதல் தேற்றத்தைப் பாருங்கள். நேர்கோட்டில் போகும் பொருளுக்குச் சம கால இடைவெளிகளில் மையத்தை நோக்கி ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் உருவாகும் முக்கோணங்கள் சம பரப்புள்ளவை. முக்கோணங்களை மெலிதாக்கிக்கொண்டே போனால் கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற கெப்ளரின் பரப்பு விதி வந்து நிற்கிறது. பள்ளி வடிவியல் போதும். இரண்டாம் பாகத்தை, திரவம், வாயு போன்ற பாய்பொருள்களில் தனி ஆர்வம் இல்லாவிட்டால், தாராளமாகத் தாண்டலாம்.

துணைக்கு எஸ். சந்திரசேகர் 1995இல் பிரின்சிபியாவுக்கு எழுதிய விளக்கநூல் இருக்கிறது. தலைப்பில் சாதாரண வாசகர் இருக்கிறார். உள்ளே நுண்கணிதம் தெரிந்தவருக்குத்தான் இடம்.

ஆப்டிக்ஸிலும் சறுக்கல்கள் உண்டு. லென்ஸ் தொலைநோக்கியின் நிறக் குறையை, அதாவது பிம்பத்தின் ஓரங்களில் வண்ணம் கசிவதை, தீர்க்க வழியில்லை என்று நியூட்டன் முடிவுகட்டினார். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து அதைச் சரிசெய்யும் லென்ஸுக்கு ஜான் டொலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். கடைசிப் பாகம் முடியவேயில்லை. நிழலோரங்களில் தெரியும் வண்ண வரிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், இடையில் தடைபட்டுவிட்டது, இனி இதைத் தொடர எண்ணமில்லை என்று எழுதி நிறுத்திவிடுகிறார். மிச்சத்தைக் கேள்விகளாக அடுக்குகிறார்: முதல் பதிப்பில் 16, பின்னர் வந்த ஆங்கிலப் பதிப்பில் 31. ஊகங்களைப் புனைவதில்லை என்று 1713இல் பிரின்சிபியாவின் இரண்டாம் பதிப்பில் அறிவித்தவர், இங்கே கேள்விக்குறியின் மறைவில் ஆசைதீர ஊகிக்கிறார். நான் அடிக்கடி திரும்பிப் போவது அந்தப் பக்கங்களுக்குத்தான்.