இருட்டு ஒழுங்கைக்கு எந்தக் கமெரா? மூன்று சென்சர்களைப் பற்றி ஒரு மதிப்பீடு

பகலில் எல்லாக் கண்காணிப்புக் கமெராவும் நல்ல கமெராதான். கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு இறங்கி, தெருவிளக்கில்லாத கிரவல் ஒழுங்கைக்குள் போய்ப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் படலையைத் திறக்கிறவரின் முகம் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கமெராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சர். சோனியின் ஐஎம்எக்ஸ் 307 சென்சர் 2 மெகாபிக்சல், 335 என்பது 5, 415 என்பது 8. மூன்றுக்கும் அளவு ஒன்றுதான்: 1/2.8 அங்குலம். ஒரே காணியைக் கூடப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கிடைக்கும் துண்டு சிறுக்கும். 307இல் ஒரு பிக்சலின் பக்கம் 2.9 மைக்ரோமீற்றர், 335இல் 2.0, 415இல் 1.45. பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி; விழும் வெளிச்சமும் அவ்வளவுதான். அதனால்தான் '4கே' என்று விற்கும் 8 மெகாபிக்சல் கமெரா இரவில் புள்ளி புள்ளியாகப் பொரிகிறது. 8 மெகாபிக்சலும் வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும் என்றால் 1/1.2 அங்குல ஐஎம்எக்ஸ் 585 இருக்கிறது. பிக்சல் அதே 2.9. விலைதான் கடிக்கும். 1/2.8, 1/1.2 என்ற அளவில் கீழ் எண் சிறிதானால் சென்சர் பெரிது. இதைத் தலைகீழாகச் சொல்லி விற்கிறவர்களும் உண்டு.

கடையில் காட்டும் 'இரவிலும் கலர்' படத்தை நம்ப முன், ஒருவரை வேகமாக நடக்கச் சொல்லுங்கள். மலிவுக் கமெரா ஷட்டரை 1/3 செக்கன் வரை திறந்து வைத்து வெளிச்சம் சேர்க்கும். செக்கனுக்கு 1.2 மீற்றர் நடக்கிறவர் அதற்குள் 40 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். நிற்கிற மோட்டார் சைக்கிள் பளிச்சென்று தெரியும், கொண்டுபோகிறவர் புகையாகத் தெரிவார். அமைப்புக்குள் போய் ஷட்டரை 1/25இல் பூட்டினால் நகர்வு 5 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். படம் இருண்டால் அதுதான் அந்தச் சென்சரின் உண்மையான தரம்.

லென்ஸையும் கவனியுங்கள். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது: எஃப்1.0 லென்ஸ், எஃப்2.0 விட நாலு மடங்கு வெளிச்சம் விடும். 10 மீற்றரில் இருக்கும் படலைக்கு குவியத்தூரம் 2.8 மில்லிமீற்றர் உள்ள, அகலக் காட்சி தரும் லென்ஸ் போட்டால், 2 மெகாபிக்சலில் ஒரு மீற்றருக்கு 100 பிக்சல்கூட வராது. தெரிந்த முகத்தை அடையாளம் பிடிக்க 125 வேண்டும். 6 மில்லிமீற்றர் போட்டால் 200ஐத் தாண்டும். ஆகவே எங்கள் தெரிவு: படலைக்கு 307உம் 6 மில்லிமீற்றரும், விளக்கு எரியும் கடை உட்பக்கத்துக்கு 415 தாராளம்.

அரைக்கோள மூடி போட்ட டோம் வகையை வெளியே போடாதீர்கள். கிரவல் புழுதி கண்ணாடியில் படிந்தால் கமெராவின் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் திரும்பி அடித்து, படம் முழுக்கப் பால் ஊற்றினதுபோலாகும். குழாய் வடிவப் புல்லட் வகையிலும் சிலந்தி வலை கட்டும். காற்றுக்கு அது ஆட, விடிய விடிய போனில் எச்சரிக்கை வரும். உள் ஐஆரை அணைத்து, தனி ஐஆர் விளக்கை இரண்டு மீற்றர் தள்ளிப் பூட்டினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.