சுருக்குவலையா, நெடுவலையா, நாயா? ஃபெரெட்டுடன் குழிமுயல் பிடிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் வேலியோரங்களில் குளிர்காலத்தில் முயல் பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகிறார்கள். கீரியைப் போல நீண்டு மெலிந்த உடல் கொண்ட ஃபெரெட் என்ற வளர்ப்பு விலங்கை வளைக்குள் விட்டு, உள்ளே பதுங்கியிருக்கும் முயலை வெளியே விரட்டுகிறார்கள். வெளியே பாயும் முயலை எதைக் கொண்டு பிடிப்பது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. வளையின் ஒவ்வொரு வாயிலும் சுருக்குவலை விரிப்பவர்கள் சிலர். வளைகள் அனைத்தையும் சுற்றி நெடுவலை கட்டுகிறவர்கள் சிலர். வலையே வேண்டாம், நல்ல நாய் ஒன்று போதும் என்பவர்கள் சிலர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒவ்வொருவரும் தத்தம் முறையில் உறுதியாக நிற்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தின் மணற்பாங்கான நிலங்களில் சில குளிர்காலங்கள் இந்த வேலையில் உடன் நின்றவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. முறையை முடிவு செய்ய வேண்டியது பிடிப்பவரின் விருப்பமோ அவர் வளர்க்கும் நாயின் வேகமோ அல்ல. வளை அமைந்திருக்கும் நிலம்தான் அதை முடிவு செய்ய வேண்டும். அதிலும் ஐயம் எழும் இடத்தில் சுருக்குவலையே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரண்டு விலங்குகளுக்கு வழங்குவதால், எதைப் பற்றிய பேச்சு இது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊர்க் காட்டுமுயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புதரடியிலோ புல்லிலோ படுத்துக் கிடந்து, ஆபத்து நெருங்கினால் ஓடித் தப்பிக்கும். இங்கே பேசப்படுவது மண்ணுக்கடியில் கிளைகிளையாக வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பியக் குழிமுயல். ஃபெரெட்டுக்கு வேலை இருப்பதே அது வளைக்குள் ஒளிவதால்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுமுயலை வேட்டையாடுவது குற்றம். இங்கிலாந்தில் குழிமுயலின் நிலையோ வேறு. குத்தகை விவசாயியும் தன் நிலத்து முயலைப் பிடிக்கலாம் என்ற உரிமையை 1880-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 1954-ஆம் ஆண்டின் தீங்குயிர்கள் சட்டம் முயலைக் கட்டுப்படுத்துவதை நிலம் வைத்திருப்பவரின் கடமையாகவே ஆக்கியது.

ஃபெரெட் என்பது போல்கேட் என்ற சிறிய ஐரோப்பியக் காட்டு ஊனுண்ணியின் வீட்டு வடிவம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பெயின் நாட்டு முயல் தொல்லையைப் பற்றி எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, வாய்க்கட்டுப் போட்ட விலங்குகளை வளைக்குள் அனுப்பி முயல்களை வெளியேற்றியதையும், வளைவாயில் காத்திருந்த மனிதர்கள் அவற்றைப் பிடித்ததையும் குறிப்பிடுகிறார். வளைவாயில் எதை வைத்துக் காத்திருப்பது என்ற கேள்விக்கு அவ்வளவு வயது. ஆண் ஃபெரெட் பெண்ணைப் போல ஏறத்தாழ இருமடங்கு எடை கொண்டது. வலை விரிப்பவர்கள் பெண்ணையே விரும்புவதற்குக் காரணம், அது வலைக்கண்ணுக்குள் நுழைந்து வலையைக் கலைக்காமல் வெளியே வந்துவிடும் என்பதுதான். பருத்த ஆண் வெளிவரும்போது வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். நாயை மட்டும் நம்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

சுருக்குவலை பார்ப்பதற்கு எளிமையானது. மூன்று அல்லது நான்கு அடி நீளம், இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம், ஓரம் முழுவதும் ஓடும் ஒரு கயிறு, அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு முளை, அவ்வளவுதான். பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப்பை எப்படி மூடிக்கொள்ளுமோ அப்படித்தான் இதுவும் மூடிக்கொள்கிறது. ஆனால் அதை விரிப்பதற்குப் பொறுமை வேண்டும். வளைவாயில் முழங்காலிட்டு, உதிர்ந்த இலையையும் சுள்ளியையும் சத்தமில்லாமல் விலக்கி, கீழ் வளையத்தை வாயின் அடியில் பதித்து, வலையை வாய் முழுவதும் தளர்வாகப் பரப்பி, மேலே மண்ணில் முளையை அழுத்த வேண்டும். நைலான் வலை மக்காது. ஆனால் லேசானது, காற்றடித்தால் புரளும். சணல் வலை கனமாகப் படிந்து கிடக்கும்; ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப் போகும். காற்றுள்ள நாட்களில் வலைகளைச் சரிசெய்துகொண்டே இருப்பதில் பாதிப் பொழுது கழிந்துவிடும் என்பதால் நான் சணலின் பக்கம்.

ஃபெரெட் உள்ளே சென்றபின் சில நிமிடங்களுக்கு ஒன்றும் நிகழாது. பிறகு, முழங்காலை மண்ணில் ஊன்றியிருப்பவருக்குக் கீழிருந்து ஓர் அதிர்வு தெரியும். முயல் பின்னங்காலால் தரையை அறைந்து மற்றவற்றை எச்சரிக்கும் அதிர்வு அது. அடுத்த கணம் வளைவாயில் பழுப்பு நிறம் ஒன்று பாய்கிறது, முளையருகே கயிறு விறைக்கிறது, வலை பந்தாகச் சுருண்டுவிடுகிறது. வலையோடு முயலை எடுக்கும் அதே வேகத்தில் காலால் வளைவாயை அடைத்து, இடுப்பில் தொங்கும் உதிரி வலையை அங்கே விரிக்க வேண்டும். ஏனென்றால் இரண்டாவது முயல் முதலாவதன் பின்னாலேயே வரக்கூடும். பிடித்த முயலின் கழுத்தைப் பழகிய கை நொடியில் முறித்துவிடும். இந்த நொடிக் கணக்கைத்தான் எல்லா முறைகளையும் அளக்கும் அளவுகோலாக நான் வைத்திருக்கிறேன். முயலைக் கொல்வதென்று முடிவு செய்தபின், அது அஞ்சித் துடிக்கும் நேரத்தைக் குறைப்பது கொல்பவரின் பொறுப்பு. வலையில் விழுந்த முயலுக்கு இரண்டடி தூரத்திலேயே கை காத்திருக்கிறது.

சுருக்குவலையின் பலவீனம் எண்ணிக்கை சார்ந்தது. எட்டு வாய்கள் உள்ள வேலியோர மண்கரைக்கு அது மிகப் பொருத்தம். முப்பது, நாற்பது வாய்கள் உள்ள பழைய வளைத்தொகுதிக்கு அத்தனை வலைகளையும் விரித்து முடிப்பதற்குள் மேலே நடக்கும் காலடி ஓசையே முயல்களை எச்சரித்துவிடும். எச்சரிக்கை அடைந்த முயல் ஃபெரெட் வந்தாலும் வெளியேறத் தயங்கும். அதோடு, புல்லால் மூடப்பட்டுக் கண்ணில் படாத ஒரே ஒரு வாய் இருந்தாலும் முயல்கள் ஒவ்வொன்றாக அதன் வழியே தப்பிவிடும். முள்புதருக்குள் கையே நுழையாதபோது வலையை விரிப்பது எப்படி?

அந்த இடத்தில்தான் நெடுவலை பயன்படுகிறது. 25, 50, 100 கஜ அளவுகளில் கிடைக்கும் இந்த வலையைக் குச்சிகளில் தாங்கவைத்து, வளைத்தொகுதியைச் சுற்றியோ வேலியின் இருபுறமும் நீளவாக்கிலோ கட்டுகிறார்கள். வலை இறுக்கமாக நிற்கக் கூடாது. இறுகிய வலையில் மோதிய முயல் தெறித்துத் திரும்பிவிடும். தொய்வாக விட்டிருந்தால்தான் ஓடி வந்த வேகத்திலேயே சிக்கிக்கொள்ளும். வளைக்குப் பக்கத்தில் யாரும் நடமாடத் தேவையில்லாததால் முயல் தயங்காமல் வெளியேறுகிறது. இது சுருக்குவலைக்கு இல்லாத பெரிய நன்மை. ஆனால் ஐம்பது கஜத்தின் மறுமுனையில் விழுந்த முயலை எடுக்க ஓட வேண்டும். சுருளாமல் வெறுமனே மாட்டியிருக்கும் முயல் உதறிக்கொண்டு தப்பவும் கூடும். ஒருவரே பார்த்துக்கொள்ளும் வேலையன்று. குறைந்தது இருவர் வேண்டும்.

இனி நாய். சிப்பிப்பாறையையும் கன்னியையும் அறிந்த வாசகருக்கு இந்த உடலமைப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: ஒடுங்கிய இடை, ஆழ்ந்த மார்பு, கண்ணால் கண்டதை ஓடிப் பிடிக்கும் இயல்பு. இங்கே இந்த வேலைக்குப் பெரும்பாலும் விப்பெட் நாயையோ, இவ்வகை ஓட்ட வேட்டைநாயை டெரியர் என்ற சிறு வேட்டைநாயுடனோ மேய்ப்பு நாயுடனோ கலந்து பெற்ற லர்ச்சரையோ வைத்திருக்கிறார்கள். பெட்லிங்டன் டெரியரும் விப்பெட்டும் கலந்தது முயலுக்கென்றே விரும்பி வளர்க்கப்படும் கலப்பு. விப்பெட் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். முயலின் வேகம் அதைவிடக் குறைவு. ஆனால் முயலுக்கு அதிக தூரம் ஓட வேண்டியதில்லை. அடுத்த வளைவாய் வரை போனால் போதும், நடுவே இரண்டு முறை சட்டென்று திரும்பினால் போதும். ஆகவே நீண்ட ஓட்டத்தின் வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து பாய்வதும், முயலோடு சேர்ந்து திரும்புவதுமே இங்கே பயன்படும். கிரேஹவுண்டின் அளவுக்குப் பெரிய நாயை இதற்கு வைத்திருப்பவர்களை நான் மெச்சியதில்லை. சிறிய வயலில் அது வேகம் பிடிப்பதற்குள் வேலி வந்துவிடுகிறது.

நாயின் உண்மையான மதிப்பு ஓட்டத்தில் இல்லை, மூக்கில் இருக்கிறது. அனுபவமுள்ள நாய் வளைவாய்களை ஒவ்வொன்றாக முகர்ந்து சென்று, முயல் இருக்கும் இடத்தில் உடல் விறைத்து, ஒரு முன்னங்காலை உயர்த்தி, தலை சாய்த்து நிற்கும். அது நிற்காத வளையில் வலை விரிக்கத் தேவையில்லை. 1953-ல் கென்ட் மாவட்டத்தில் மிக்சோமடோசிஸ் நோய் வந்து நாட்டின் முயல்களை ஏறத்தாழ முற்றாக அழித்தது. அவை மீண்டு பெருகியபின் 1992-ல் குருதிக்கசிவு நோயும் சேர்ந்துகொண்டது. பல இடங்களில் வளைகள் ஏராளம், முயல்கள் கொஞ்சம் என்ற நிலை உருவாகிவிட்டதால், வெறும் வளை எது என்று சொல்லும் நாய் அரை நாள் உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

வலையே இல்லாமல் நாயை மட்டும் நம்பும் முறைக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. திறந்த மேய்ச்சல் நிலத்தில் இரண்டு மூன்று வாய்கள் மட்டும் உள்ள சிறிய வளைகள் தொலைவு தொலைவாக இருந்தால், ஃபெரெட்டை விட்டு, நாயைச் சற்றுத் தள்ளி அமைதியாக நிறுத்தி, முயல் வெளியேறியதும் பிடிக்கவைத்து அடுத்த வளைக்கு நகரலாம். வலைக்காரர் ஒன்றை முடிப்பதற்குள் இவர் நான்கை முடித்துவிடுவார். ஆனால் வேலியோரத்தில் இதே முறை பல விதங்களில் கெடுகிறது. முள்கம்பியும் கூர்க்கற்களும் நாயைக் கிழிக்கின்றன. பொறுமையற்ற நாய் வளைவாயிலேயே முகத்தை நீட்டி நிற்க, அதன் வாடையில் முயல் உள்ளேயே அடங்கிவிடுகிறது. அழுத்திக் கடிக்கும் வாய் இருந்தால் இறைச்சி கன்றிப்போகும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வளைவாயில் தலைகாட்டிய ஃபெரெட்டையே நாய் கவ்விவிடுவது. உடன் வந்த ஒருவரின் இளநாய் அப்படிச் செய்ததை ஒரு மார்கழிக் காலையில் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன், தடுக்க நேரமில்லை. குட்டிப் பருவத்திலேயே ஃபெரெட்டோடு பழக்காத நாயை வளைப்பக்கம் கொண்டுவரவே கூடாது என்ற என் பிடிவாதம் அன்றிலிருந்து வந்தது.

முயல் உள்ளேயே அடங்கிவிட்டால், அல்லது ஃபெரெட் அதை உள்ளேயே கொன்று தின்று அங்கேயே படுத்துவிட்டால், மண்வெட்டிதான் வழி. முற்காலத்தில் கயிறு கட்டிய ஆண் ஃபெரெட்டை இரண்டாவதாக அனுப்பி, கயிற்றின் போக்கிலேயே தோண்டிச் செல்வார்கள். இப்போது ஃபெரெட்டின் கழுத்துப்பட்டையில் சிறிய ஒலிபரப்பி இருக்கிறது. கையிலுள்ள கருவி அது இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் காட்டிவிடுகிறது. இந்த விஷயத்தில் பழைய முறைக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வேருக்குள் சிக்கிய கயிறு அந்த ஆண் ஃபெரெட்டுக்கே எமனாகும்.

ஃபெரெட்டே இல்லாமல், இரவில் விளக்கடித்து நாயை ஏவும் முறையும் உண்டு. காற்று வீசும் இருண்ட இரவில் மேய வெளியே வந்த முயல்களை அது நிறையவே பிடித்துத் தருகிறது. ஆனால் பகலில் வளைக்குள் கிடப்பவற்றை அது தொடுவதில்லை. இருட்டில் நாய் காயமடைவதும் அதிகம், அண்டை வயல்காரருக்கு ஐயம் வருவதும் அதிகம். நாய்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடுத்தபோது, நில உரிமையாளரின் அனுமதியுடன் குழிமுயலையும் எலியையும் பிடிக்க விலக்கு அளித்தது. வெட்டவெளியில் வாழும் பெரிய முயலுக்கு அந்த விலக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமோ குழிமுயலையும் தடைக்குள் கொண்டுவந்து, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டே நாயை அனுமதிக்கிறது. எல்லையோரத்தில் நாய் வைத்திருப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இது: இரண்டு பெண் ஃபெரெட்டுகள், கண்டறியும் கருவி ஒன்று, இருபது சணல் சுருக்குவலைகள், ஒரு மண்வெட்டி. முதல் குளிர்காலம் முழுவதும் பத்து வாய்களுக்கு மேற்படாத கரைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு நெடுவலையையும், வேலை பழகிய துணை ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். நாய்க்குட்டியை வாங்குவதானால் ஃபெரெட் கூண்டின் அருகிலேயே அது வளரட்டும். மோப்பம் பிடித்து நின்று காட்டக் கற்றபின், வலைக்குத் தப்பியதை மட்டும் துரத்த அதை விடலாம். புதரும் மேய்ச்சல் நிலமும் கலந்த பண்ணைகளில் நாய் மோப்பம் பிடிக்க, வலை பிடிக்க, தப்பியதை மீண்டும் நாய் பிடிக்கும் கூட்டுமுறைக்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை.

எந்த முறையானாலும், பொழுது சாயும்போது ஃபெரெட்டுகளை எண்ணிப் பெட்டிக்குள் விட்டபின்தான் நிலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். முயலைக் கட்டுப்படுத்துவதற்கென்று 19-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் விடப்பட்ட ஃபெரெட்டுகள் காட்டில் பெருகி, கிவி போன்ற பறக்காத பறவைகளைக் கொன்று வருகின்றன; 2002 முதல் அங்கே அவற்றை விற்பதற்கும் இனப்பெருக்கம் செய்வதற்கும் தடை இருக்கிறது. கருவியின் மின்கலம் தீர்ந்து ஒன்று வளைக்குள்ளேயே தங்கிவிட்டால், மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, எஞ்சிய ஒரு வாயில் அதன் பெட்டியை வைக்கோலோடு வைத்து, விடியும் முன்பே திரும்பி வந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பெட்டிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.