அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்: ஓராண்டுக்குப் பின்

ரத்தப் புற்றுநோய்க்கு என் ஏழு வயது மகள் பெங்களூரில் சிகிச்சை பெறுகிறாள். நாங்கள் இருப்பது காவேரிப்பட்டணத்தில். கிருஷ்ணகிரியில் ஒரு மருந்துக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கிய, நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பற்றியது இந்த மதிப்புரை.

கீமோவுக்குப் பின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 500-க்கும் கீழே இறங்கிவிடும் நாட்களில், கிருமி புகுந்தாலும் சீழோ வீக்கமோ வெளியே தெரியாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே அடையாளமாக நிற்கக்கூடும். ஒரே தடவை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் உடனே கிளம்பிவிட வேண்டும், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் வைத்திருந்தது நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வகை. விலை என்னவோ 1,400 ரூபாய். மார்ச் மாத இரவொன்றில், மின்விசிறிக் காற்றில் வியர்த்துக் கிடந்தவளுக்கு அது 98.9, 100.2, 99.4 என்று அடுத்தடுத்துக் காட்டியது. இதை அக்குளில் வைத்தபோது 100.8, மறுபடி வைத்தாலும் 100.8. “பாரசிட்டமால் குடுத்துட்டு விடியட்டும்னு பாரு சாமி” என்றார் அம்மா. மாத்திரை கொடுத்தால் சூடு இறங்கிவிடும், தொற்று உள்ளேயே இருக்கும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள். ஓசூரைத் தாண்டும்போது 101.3.

வாயில் புண் வந்துவிடும் பிள்ளைகளுக்கு அக்குளே வசதி. ஆனால் வாயில் பார்ப்பதைவிட அங்கே அளவு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், எந்த எண்ணில் கிளம்புவது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் காய்ச்சல் ஏறாமலே தொற்று இருக்கக்கூடும்; குழந்தை சோர்ந்து நடுங்கினால், எண் சரியாக இருந்தாலும் போன் செய்துவிடுவோம்.

குறைகளும் உண்டு. ‘பீப்’ ஒலி மின்விசிறிச் சத்தத்தில் கேட்பதில்லை; ஒலித்த பிறகும் எண் சிறிது ஏறுவதால், அது நிற்கும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். திரையில் விளக்கு இல்லை. மின்சாரம் போன இரவுகளில் ஒரு கையில் போன் டார்ச், மறு கையில் அவளுடைய தோள். நான்கு நட்சத்திரம் தருகிறேன். இரண்டாவதாக ஒன்று வாங்கி, அவளுடைய சிகிச்சை ஃபைல் இருக்கும் பையிலேயே போட்டு வைத்திருக்கிறோம்.