எஃப்டிசி ரோபோவில் எந்தக் கேமரா: தனிப் பதிவுக் கேமராவா, வெப்கேமா?

எஃப்டிசி (பள்ளி மாணவர் அணிகளின் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ரோபோ போட்டி) மேட்ச் இரண்டரை நிமிடம்தான்: 30 நொடி ஆட்டோ (ரோபோ தானே ஓடுவது), அப்புறம் 2 நிமிடம் டெலிஆப் (ஓட்டுநர் இயக்குவது). அதற்குள் இன்டேக் (பொருளை உள்ளே இழுக்கும் உருளைகள்) ஒருமுறை சிக்கிக்கொண்டால், பிட்டுக்கு (அணியின் பழுதுபார்க்கும் இடம்) திரும்பியதும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து போனில் எடுத்த வீடியோவில் ரோபோ எங்கே போனது என்பது தெரியும். உருளைகளுக்கு நடுவே என்ன ஆனது என்பது தெரியாது. அதைப் பார்க்க ரோபோவிலேயே கேமரா இருக்க வேண்டும்.

வழி இரண்டு. கோப்ரோ மாதிரி தானே பதிவு செய்துகொள்ளும் கேமரா ஒன்று. ஏப்ரல்டேக் (ரோபோ தன் இடத்தை அறிய உதவும் கறுப்பு-வெள்ளைக் குறி) பார்க்க ஏற்கெனவே கன்ட்ரோல் ஹப்பில் (ரோபோவின் மூளையான கணினிப் பெட்டி) செருகியிருக்கும் யுஎஸ்பி வெப்கேம் இன்னொன்று. பதிவுக்கு எங்கள் ஓட்டு கோப்ரோ வகைக்கே.

விதிகளை முதலில் முடித்துவிடலாம். எஃப்ஆர்சியில் (இதே அமைப்பின் பெரிய ரோபோ போட்டி) ஓட்டுநர் நேரலைப் படத்தைப் பார்த்து ஓட்டலாம், அலைவரிசைக்கு மட்டும் வரம்பு உண்டு. எஃப்டிசியில் அந்தப் பேச்சே இல்லை. டிரைவர் ஸ்டேஷனில் (ஓட்டுநர் கையிலிருக்கும் திரை) தெரியும் கேமரா ஸ்ட்ரீம், இனிட் (தயார்நிலைப் பொத்தான்) அழுத்தியது முதல் ஸ்டார்ட் அழுத்தும் வரைதான். பதிவுக் கேமராவுக்கு மூன்று நிபந்தனைகள்: வீடியோ மேட்ச் முடிந்த பிறகு பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும், வயர்லெஸ் அணைந்திருக்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்த உள் பேட்டரியிலேயே ஓட வேண்டும். மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ட்ரோன்களுக்கென விற்கும் பத்து கிராம் கேமராக்கள் சிலவற்றில் பேட்டரியே கிடையாது, வெளியிலிருந்து 5 வோல்ட் கேட்கும். எடை குறைவு என்று வாங்கினால் இன்ஸ்பெக்ஷனில் கழற்றச் சொல்வார்கள். பவர் பேங்கில் இணைத்தாலும் அதே கதிதான். போட்டிக் கையேடு ஆண்டுதோறும் மாறுவதால் அந்த சீசனின் விதியைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

விலை, எடை இரண்டிலும் வெப்கேம்தான் மேல், அதில் வாதமில்லை. வாதம் வேறு இடத்தில்: ரோபோ தடுமாறும் நொடியில் எந்தக் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்?

வீடியோவை நாம் தேடுவது ரோபோ ஒழுங்காக ஓடிய மேட்சுக்காக இல்லை. நான்கு சக்கர மோட்டாரும் லிஃப்டும் ஒரே நேரத்தில் முட்டி நின்றால் 12 வோல்ட் பேட்டரி சரியும். ஃபோம் டைல் மேல் உருளும் சக்கரங்கள் நிலைமின்னைச் சேர்க்கும், அது யுஎஸ்பி இணைப்பைத் துண்டிக்கும். வைஃபை அறுந்தால் ஆப்மோட், அதாவது ஹப்பில் ஓடும் நம் கோட் (நிரல்), நின்றுவிடும், அதற்குள் எழுதிய பதிவுக் கோடும் நின்றுவிடும். வெப்கேமுக்கு மின்சாரம், கேபிள், மென்பொருள் எல்லாமே ரோபோவிடமிருந்து வருவதால் ரோபோ விழும்போது அதுவும் கூடவே விழுகிறது. வேண்டிய பத்து நொடிதான் இல்லாமல் போகும். தனிக் கேமராவுக்கு ரோபோவோடு ஒரு போல்ட்டைத் தவிர எந்த உறவும் இல்லை.

இதை முழுதாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. கேமராவை வைக்கும்போது படத்தின் ஓரத்தில் ஹப்பின் நிலை விளக்கும் விழும்படி திருப்புங்கள். பச்சையில் சில நொடிக்கு ஒருமுறை நீலம் மின்னினால் எல்லாம் சரி. நீலம் விட்டுவிட்டு எரிந்தால் தொடர்பு போயிருக்கிறது. ஆரஞ்சு மின்னினால் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது. இன்டேக் நின்ற அதே ஃபிரேமில் விளக்கு ஆரஞ்சாக இருந்தால், கியரைக் கழற்றும் முன் பேட்டரியையும் வயரிங்கையும் பார்ப்பீர்கள். ஆப்மோட் தொடங்கும்போது அந்த விளக்கை ஒரு நொடி மஜந்தாவாக மாற்றும் வரி ஒன்றைக் கோடில் சேர்த்தால், வீடியோவையும் லாக் கோப்பையும் (ஹப் எழுதிவைக்கும் குறிப்பு) அந்த ஃபிரேமில் பொருத்திக்கொள்ளலாம்.

வெப்கேமுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ரோபோ ஓடும்போதும் ஏப்ரல்டேக் மங்காமல் தெரிய எக்ஸ்போஷரைக் குறைப்பார்கள். எஃப்டிசியின் எஸ்டிகே (நிரல் எழுதத் தரும் மென்பொருள் தொகுப்பு) மாதிரிக் கோடில் அது 6 மில்லிநொடி. டேகுக்கு அது சரி, ஆனால் மனிதக் கண்ணுக்குப் படம் இருட்டாகத்தான் இருக்கும். போதாததற்கு, அந்தக் கேமரா சுவரைப் பார்த்து நிற்கிறது, இன்டேக்கைப் பார்த்து இல்லை.

கோப்ரோவைப் பொருத்துவதில் கவனம் வேண்டும். ஒட்டும் தளம் ஒரு மோதலுக்கு மேல் தாங்காது. பெட்ஜி பிளாஸ்டிக்கில் 3டி அச்சிட்ட தாங்கியை ரோபோச் சட்டத்தின் துளைகளில் இரண்டு திருகால் இறுக்குங்கள். கைத்திருகைக் கழற்றிவிட்டு எம்5 போல்ட்டும் நைலாக் (தளராத) நட்டும் போடுங்கள். கேமராவைச் சுற்றி ஒரு ஜிப் டை கட்டாயம். ஃபோகஸ் நிலையானது என்பதால் இன்டேக்கிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளியிருந்தால்தான் படம் கூர்மையாக வரும். 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அந்தத் தூரத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. பெரும்பாலும் பின்பக்க மேல்மூலையிலிருந்து சாய்வாகக் கீழே பார்க்க வேண்டி வரும். லிஃப்ட் முழுதாக ஏறி இறங்கும்போது எங்கும் உரசவில்லை என்று கையால் நகர்த்திச் சரிபாருங்கள்.

அமைப்பில் 1080பி, 60 ஃபிரேம், லீனியர் (விளிம்பு வளையாத படம்) போதும். ஹைப்பர்ஸ்மூத்தை (ஆட்டம் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அது வெளியுலகை நிலையாக்கப் பார்க்கும், பலனாக ரோபோவின் பாகங்கள் படத்தில் ஆடும். இன்டேக் உண்மையில் ஆடியதா, மென்பொருள் ஆட்டியதா என்று பிரிக்க முடியாது. கூடத்து விளக்குகள் மினுங்காமலிருக்க ஆன்டி-ஃப்ளிக்கர் அமெரிக்காவில் 60, இந்தியாவில் 50 (அப்போது ஃபிரேமும் 60-க்குப் பதில் 50 ஆகும்). குரல் கட்டளையும் வயர்லெஸ்ஸும் அணைந்திருக்க வேண்டும். குயிக்கேப்சரை இயக்கி வையுங்கள், வரிசையில் நிற்கும்போது ஒரே அழுத்தில் பதிவு தொடங்கிவிடும்.

பராமரிப்பு கோப்ரோவில்தான் அதிகம். வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்து மேட்சுக்கு 10 நிமிடம் ஓடும் என்று வையுங்கள். 60 மெகாபிட் வேகத்தில் நிமிடத்துக்கு 450 எம்பி, ஆக ஒரு மேட்சுக்கு நாலரை ஜிபி. இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு, அதற்கென்று ஒரு ஆள். இந்த வேலையை யாருக்கும் ஒப்படைக்காத அணியில் மூன்றாவது மேட்சிலேயே கேமரா அணைந்தபடி களத்துக்குப் போகும். பழைய கோப்ரோ வாங்கினால் உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள்.

வெப்கேமின் இடம் வேறு. ஆட்டோவில் டேக் கிடைக்கவில்லை என்றால், அல்காரிதம் என்ன பார்த்தது என்பதைக் கோப்ரோ சொல்லாது. எஸ்டிகேயில் கேமராவைக் கையாளும் விஷன்போர்ட்டலின் சேவ்நெக்ஸ்ட்ஃபிரேம்ரா கட்டளையை டேக் தேடும் இடத்தில் ஓரிரு முறை அழைத்தால் மூல ஃபிரேம் ஹப்பில் பிஎன்ஜியாகச் சேரும். ஒவ்வொரு சுற்றிலும் அழைத்தால் ஹப் திணறும்.

காந்தத்தில் ஒட்டும் கட்டைவிரல் அளவுக் கேமராக்கள் இடைப்பட்ட வழியாகத் தெரிகின்றன. அவற்றை முழு சீசன் ஓட்டிப் பார்த்த அனுபவம் குறைவு என்பதால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: பெரும்பாலும் போன் செயலி மூலம் இயக்கவென்று வடிவமைத்தவை அவை, அதனால் வயர்லெஸ்ஸை முழுதாக அணைத்த பிறகும் பொத்தானால் பதிவு தொடங்குகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காந்தத்தை மட்டும் நம்பி ரோபோவில் ஏற்றாதீர்கள்.