இடது காதில் சில்வண்டு: எலெக்ட்ரானிக் காதுக்கவசத்தோடு நாலு வருஷம்

அப்பா விட்டுப்போன பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி என் பெயருக்கு லைசென்ஸ் மாறி இருபது வருஷம் ஆகிறது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இங்கே இடமில்லை. நான் சுடுவதெல்லாம் பயிற்சித் தளத்தில்தான். அதில் முதல் பதினாறு வருஷம் காதில் வைத்தது வெறும் பஞ்சு. பஞ்சு வெடிச்சத்தத்தைத் தடுக்கும் என்று யார் சொல்லி நம்பினேனோ தெரியவில்லை.

விளைவு, இடது காதில் இரவும் பகலும் ஒரு சில்வண்டு. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் முனையைப் பார்த்திருக்கும். வலது காது தலையின் மறைவில் தப்பிக்கும். நாகர்கோவிலில் எடுத்த ஆடியோகிராமில், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், இடது காதுக் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. பேத்தி ‘சக்கை’ என்கிறாளா ‘பத்தை’ என்கிறாளா என்று இப்போது உதட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கப்புறம்தான் 2022-இல் எலெக்ட்ரானிக் காதுக்கவசம் வாங்கினேன். குறைகளும் சொல்லப் போவதால் பிராண்ட் பெயர் வேண்டாம்.

முதலில் ஒரு தப்பெண்ணம். விற்றவர் உட்பட பலரும் எலெக்ட்ரானிக்ஸ்தான் வெடிச்சத்தத்தை அமுக்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சத்தத்தைத் தடுப்பது கிண்ணமும் அதன் ஓரத்து மெத்தையும்தான். வெளியே இருக்கும் மைக் மெல்லிய சத்தத்தைப் பிடித்து உள்ளே பெருக்கித் தரும். 82, 85 டெசிபெல் என்று ஓர் எல்லை தாண்டினால் பெருக்குவதை நிறுத்திக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் பாதுகாப்பு குறையாது, பேச்சுதான் கேட்காது.

பெட்டியில் என்ஆர்ஆர் 22 என்று போட்டிருந்தது, கவசம் எத்தனை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கான மதிப்பீடு. அது ஆய்வகத்து எண். வேலையிடக் கணக்குக்கு அமெரிக்காவில் அந்த எண்ணில் 7-ஐக் கழித்துப் பாதியாக்குவார்கள். 22 போய் ஏழரை ஆகிவிடும். வெடிச்சத்தத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், பெட்டி எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுபோதும். பன்னிரண்டு போர் 150 டெசிபெலைத் தாண்டுகிற சாமான், திடீர் சத்தத்துக்குச் சொல்லும் எல்லையோ 140. அதனால் கவசத்துக்கு அடியில் காதுக்குள் நுரைச்செருகியும் வைக்கிறேன். இரண்டும் அப்படியே கூடிவிடாது, ஐந்து டெசிபெல் போலத்தான் கூடுதல். எலெக்ட்ரானிக் கவசத்தின் உண்மையான லாபம் இங்கேதான் எனக்குப் பிடிபட்டது: செருகியை வைத்துவிட்டு வால்யூமை ஏற்றினால், தளத்தில் ‘நிறுத்து’ என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது. சாதாரணக் கவசம் என்றால் யாராவது பேசும்போது ஒரு பக்கத்தைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்கிய நேரம் பார்த்துப் பக்கத்து ஆள் சுடுவார். இதில் தூக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். என் முதல் ஜோடியின் கிண்ணம் தடிமன். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்ததும் வலது கிண்ணம் முட்டி மெல்ல மேலே ஏறிக்கொள்ளும். அந்த இடைவெளி போதும், எண் எல்லாம் வீண். கண்ணாடிக் காம்பும் அப்படித்தான். தடித்த காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும். நான் சுடுவதற்கென்றே கம்பி மாதிரி காம்பு உள்ள கண்ணாடி மாற்றினேன்.

பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் மச்சினன் இருக்கிறான். அங்கே 2022 முதல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரன். ஓர் இரவு டார்ச் பிடிக்க நானும் போனேன், துப்பாக்கி இல்லாமல். ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கிற மாசி மாசம். கவசத்தை முடுக்கியதும் சருகு ஒவ்வொன்றாக நொறுங்குவது கேட்டது, மரச்சீனிக் கிழங்கை மெல்லும் சத்தம்கூட. இடது பக்கம் என்று டார்ச்சைத் திருப்பினேன். பன்றி வலது பக்கம் இருந்தது.

“மச்சான், காது கேக்காதவரு டார்ச் பிடிச்சா இப்படித்தான்” என்றான். காது காரணமில்லை. வலது மைக்கின் நுரை வியர்வையில் ஊறி அடைத்திருந்தது. இரண்டு மைக்கும் ஒரே அளவில் பிடித்தால்தான் திசை சரியாகத் தெரியும். அந்த இரவு அவன் சுடவில்லை, நல்லவேளை.

நம்ம ஊரில் இரண்டு மழையும் உண்டு. ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. கவசத்தை மூடிய பையில் வைத்தால் மெத்தையில் பூஞ்சை பிடிக்கும். நான் அரிசிப்பானை பக்கத்தில் தொங்கவிடுகிறேன். மெத்தை கெட்டிப்பட்டால் அடைப்பு போய்விடும், இதுவரை மூன்று ஜோடி மாற்றியாயிற்று. தனியாக மெத்தை கிடைக்காத மாடலை வாங்கவே வேண்டாம்.

காற்று இன்னொரு தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசம் போட்டுப் பார்த்தால் காற்றாலைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அங்கே வால்யூமை அணைத்துவிடுவேன்.

2024 மக்களவைத் தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். கவசத்தை அலமாரியில் போட்டவன் பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டேன். ஜூனில் எடுத்தால் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. வினிகர் தொட்டுத் தேய்த்ததில் உயிர் வந்தது, ஆனால் இடது பக்கம் இன்னும் சில சமயம் கரகரக்கும்.

எல்லோருக்கும் எலெக்ட்ரானிக் தேவையும் இல்லை. எங்கள் கோவிலில் கதினா வெடி (இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து வெடிப்பது) போடுகிற அண்ணாச்சிக்குப் போன கொடை விழாவின்போது பேட்டரியில்லாத சாதாரணக் கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதப் போட்டா, வெடி வெடிச்சதா நமுத்துச்சான்னு எப்படிவே தெரியும்?”